குடிநீரில் கழிவுநீர் கலந்ததா? புறஊதா விளக்கில் தெரியும் நீல ஒளி... சோதனை நடப்பது எப்படி?

2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் 30-க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர். பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உயிரிழப்புகளும் நேர்ந்தன. குடிநீரில் கழிவுநீர் கலந்துடுச்சு என்றனர் மக்கள். உணவும் காரணமாக இருக்கலாம் என்றது அரசுத் தரப்பு. தண்ணீர் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின.

ஆய்வகத்தில் அப்படி என்னதான் பார்ப்பாங்க?

தேடப்படுவது ஈ.கோலை

மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் பாக்டீரியா இது. தண்ணீரில் இருந்தால், மலக்கழிவு கலந்திருக்கு என்று அர்த்தம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 விதிப்படி, 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது.

ஒளி எங்கிருந்து வருது?

பெரும்பாலான ஈ.கோலை வகைகளிடம் பீட்டா-குளுக்குரோனிடேஸ் என்ற நொதி, அதாவது என்சைம், இருக்கு. எம்.யு.ஜி என்ற வேதிப்பொருளைத் தண்ணீரில் கலந்தால் இந்த நொதி அதைக் கத்தரி மாதிரி வெட்டும். வெட்டுப்பட்டு வெளியேறும் பொருள், புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். ஈ.கோலையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தலாம் என 1982-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபெங், ஹார்ட்மேன் காட்டினர்.

மாதிரியைப் பல சிறு குழிகளில் பிரித்து ஊற்றி, எத்தனை குழி ஒளிருது என்று எண்ணினால் கிருமியின் அளவையும் கணக்கிடலாம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

பாக்டீரியா பெருகி ஒளி தெரிய 18 முதல் 24 மணி நேரம் வேணும். அதுக்குள்ள அந்தத் தண்ணீரை ஊரே குடிச்சு முடிச்சிருக்கும். அதனால்தான், கிருமி வளரும்வரை காத்திருக்காமல், ஒளி கூடும் வேகத்தைக் கருவியால் அளந்து சில மணி நேரத்தில் நொதியின் செயல்பாட்டைச் சொல்லும் முறைகளும் வந்திருக்கு. ஆனால் அதில் ஒரு சிக்கல்: செத்த கிருமியில் மிஞ்சிய நொதியும் ஒளியைக் காட்டிவிடலாம்.

ஒளிரலைன்னா தண்ணீர் சுத்தமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. வைரஸ்களையும் காலரா கிருமியையும் இந்தச் சோதனை நேரடியாகக் காட்டாது. ஆபத்தான ஓ157 வகை ஈ.கோலையும் பெரும்பாலும் ஒளிராது.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். புகார் வந்த பிறகு குழாயில் குளோரின் விட்டுக் கழுவி, அப்புறம் மாதிரி எடுத்தால் முந்தைய நாள் வந்த கழிவு எப்படித் தெரியும்? விட்டுவிட்டு விநியோகம் நடக்கும் ஊர்களில், தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் குறையும். விரிசல் வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை உள்ளே போக அதுதான் நேரம். ஆக, நோய் வந்த பிறகு செய்யும் ஒரு சோதனையைவிட, தெருக்கோடிக் குழாய்களில் வழக்கமாகச் செய்யும் சோதனையே உயிரைக் காக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தண்ணீர் கலங்கலாகவோ நாற்றத்துடனோ வந்தால் குடிக்க வேண்டாம், உடனே புகார் கொடுங்க. சந்தேகம் இருந்தால், நன்றாகக் கொதி வந்த பிறகும் குறைந்தது 1 நிமிடம் கொதிக்க விட்டுக் குடிங்க. குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. உங்க தெருவில் அது இருக்கா என்று மாநகராட்சியிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.