ஒளி காட்டுவது குழந்தையின் குறையன்று

சிவப்பு நிறத்திற்கு அப்பாலும் கண்ணுக்குப் புலனாகாத கதிர் உண்டென 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். அதனை அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். அக்கதிர்களுள் சிவப்பை அடுத்துள்ள பகுதி தோலையும் எலும்பையும் ஊடுருவிச் சென்று, மூளையிலுள்ள குருதியின் நிலையைக் காட்டவல்லது என 1977ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்ஸ் யோப்சிஸ் மெய்ப்பித்தார். மூளையைத் திறவாமலே அதன் உழைப்பை அளக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

இதன் அடிப்படை எளியது. கொரோனாக் காலத்தில் விரல் நுனியில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவியை நாம் அறிவோம். உயிர்வளி ஏந்திய குருதியும் அதனை இழந்த குருதியும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. மூளையின் ஒரு பகுதி உழைக்கும்போது, சில நொடிகளில் அங்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. தலையில் அணிவித்த தொப்பியிலிருந்து ஒளியைச் செலுத்தி, ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தொலைவில் மீண்டு வருவதை அளந்தால் அம்மாற்றம் புலப்படும். பெரிய குழாய்க்குள் அசையாது படுத்திருக்க வேண்டுவதில்லை. தாய்மடியில் இருக்கும் குழந்தைக்கும் இது ஏற்றது.

இக்கருவி நம் நாட்டுச் சிற்றூர் ஒன்றிற்கும் சென்றது. உத்தரப் பிரதேசத்தின் சிவ்கட் பகுதியில், நான்கு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஸ்பென்சரின் குழுவினர் ஆராய்ந்தனர். முடிவுகள் 2019இல் வெளிவந்தன. தாயின் கல்வியும் குடும்ப வருவாயும் குறைந்த வீட்டுக் குழந்தைகளிடம், மூளையின் இடது முன்பகுதியில் செயற்பாடு நலிந்திருந்தது. கவனச் சிதறலும் மிகுந்திருந்தது.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். ஒளியியலுக்கு அடித்தளமிட்ட பஸ்ரா நகரத்து அறிஞர் இப்னுல் ஹைதம், சோதனையால் உறுதிப்படாத எதனையும் ஏற்காதவர். அவர் வழியில் நாமும் ஆராய்தல் தகும். இவ்வொளி மூளையின் மேற்புறத்தை மட்டுமே எட்டும். அடர்ந்த கருங்கூந்தலும் கருந்தோலும் ஒளியை மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். கருவி காண்பது குருதியின் மாற்றத்தையேயன்றி, குழந்தையின் அறிவையோ தகுதியையோ அன்று. தாயின் கல்விக்கும் குழந்தையின் மூளைக்கும் தொடர்பு உண்டு என்பதே முடிவு. அக்குழந்தை இனித் தேறாது என்பதன்று. எனவே அவ்வளவீடு குழந்தையைப் பற்றிய தீர்ப்பாகாது. குழந்தைக்கு உரியதைக் கொடாத சமுதாயத்தைப் பற்றிய சாட்சியமே ஆகும்.

இது தொலைதூரச் செய்தியன்று. அதே உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகார், ஒடிசா மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலும் திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளிலும் உழைக்கின்றனர். குடும்பத்தோடு வந்தோரின் பிள்ளைகள் சூளையோரத்திலும் தகரக் கொட்டகையிலும் வளர்கின்றனர். தமிழறியாத தாய்க்கு அங்கன்வாடியின் வாயிலும் அயல்நாட்டு வாயிலே. நாளை இவர்களிடம் இக்கருவியோடு ஆய்வாளர் வரலாம், வரட்டும். ஆயின் பெற்றோரின் மொழியில் விளக்கி, அவர்தம் மனமார்ந்த இசைவைப் பெற்ற பின்னரே தொப்பி அணிவிக்கப்பட வேண்டும். அளவீட்டைக் கொண்டு பிள்ளைகளைத் தரம் பிரிக்கலாகாது.

ஆய்வு வரும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆலை உரிமையாளர் குழந்தைகள் காப்பகம் அமைக்கட்டும். ஜமாஅத் பெரியோர் இன வேறுபாடு பாராது மாலை நேரத்தில் தம் மண்டபங்களைத் திறந்து, அத்தாய்மார் எழுத்தறிய இடந்தரட்டும். உருதுவும் இந்தியும் அறிந்த நம் மாணவ மாணவியர் அங்கே ஆசிரியராகட்டும். நம் இல்லத்துப் பெண்மக்களின் படிப்பைத் திருமணத்தின் பெயரால் இடையில் நிறுத்தும் வழக்கமும் ஒழியட்டும். இன்றைய மாணவியே நாளைய தாய். ஓதுதலை வலியுறுத்தியே இறங்கத் தொடங்கிய மறையை ஏற்ற சமுதாயத்திற்கு இதனினும் சிறந்த கடமை வேறில்லை.

ஒளி குறையைக் காட்டும். குறையைத் தீர்ப்பது மனிதர் கையிலேயே உள்ளது.