ஆறு போடும் கணக்கு

நீங்கள் ரிஷிகேசத்துக்குப் போயிருக்கலாம். போகாவிட்டாலும், போய்விட்டு வந்த அத்தையோ பாட்டியோ கொடுத்த கங்கைத் தீர்த்தம் உங்கள் பூஜை அலமாரியில் ஒரு சின்னச் செப்புச் சொம்பில் இருக்கும். ஈயம் வைத்து அடைத்த அந்தச் சொம்புக்குள் அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாளே கங்கை, அவள் ரிஷிகேசத்துக்குப் பதினாறு கிலோமீட்டர் மேலே, சிவபுரியில் என்ன ஆட்டம் ஆடுகிறாள் தெரியுமா?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒரு சித்திரை மாதம் பேரன் பேத்தியோடு போனேன். கோயில் குளம் பார்க்கத்தான் போனோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களோ ரப்பர்த் தெப்பத்தில் ஏறி வெள்ளத்தில் குதித்துக்கொண்டு வருவதற்காகவே வந்திருக்கிறார்கள்! "நீயும் வா பாட்டி" என்று கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. பயமா என்று கேட்பீர்கள். பயம்தான். ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்? ஜீப்பின் தலைமேல் தெப்பத்தைக் கட்டி அவர்களை மேலே 'மரீன் டிரைவ்' என்ற இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். (பம்பாயை நினைக்காதீர்கள். இது கங்கைக் கரையில் ஒரு மணல் திட்டு.) அங்கிருந்து ஆற்றோடு பத்துக் கிலோமீட்டர் மிதந்து சிவபுரிக்கு வந்து சேர வேண்டும். அதுவரைக்கும் நான் சிவபுரியில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கடையை நடத்துகிறவள் முப்பத்தைந்து வயதுப் பெண். என் ஹிந்தி, பிரசார சபைப் பரீட்சையோடு நின்றுபோன ஹிந்தி. ஆனாலும் இரண்டு பெண்கள் பேசிக்கொள்ள அது போதாதா? என் பேரப் பிள்ளைகளை அழைத்துப்போன வழிகாட்டி அவளுடைய புருஷன்தான் என்று தெரிந்தது. டீயை வடிகட்டிக்கொண்டே, ஆற்றின் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல், "காலையைவிட நாலு விரல் ஏறியிருக்கிறது" என்றாள்.

"பார்க்காமலே எப்படியம்மா சொல்கிறாய்?" என்றேன்.

"அதோ அந்தப் பாறையின் சத்தம் நின்றுபோய்விட்டது, மாதாஜி. தண்ணீர் அதை மூடிவிட்டது."

குழம்பு கொதிக்கிற சத்தத்தை வைத்தே உப்பு உறைப்பு சொல்லும் மாமியார்களை நமக்குத் தெரியும். இவள் அந்த மாதிரி.

தண்ணீர் ஏன் ஏறுகிறது? மலையில் வெயில் ஏறினால் பனி உருகும். பகலில் உருகிய தண்ணீர், பல மணி நேரம் கழித்து இங்கே வந்து சேரும். இன்னொரு காரணமும் உண்டு. பாகீரதியும் அலகநந்தாவும் தேவப்பிரயாகையில் கூடிய பிறகுதான் அதற்குக் கங்கை என்று பெயர். அந்தப் பாகீரதியின் குறுக்கே டெஹ்ரி அணை நிற்கிறது. 2006 முதல் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். எங்கேயோ ஒரு பட்டணத்தில் எல்லோரும் விளக்குப் போட்டால், அணையில் தண்ணீர் திறப்பார்கள், இங்கே பாறை மூழ்கும். ஆகவே காலையில் பார்த்த ஆறு சாயங்காலத்து ஆறு அல்ல. வழிகாட்டியின் பிழைப்பே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

தெப்பத்தின் பின்கோடியில் உட்கார்ந்து, "முன்னே தள்ளு, நிறுத்து, குனி" என்று அதட்டுவதுதான் அந்த வேலை என்று நான் நினைத்திருந்தேன். அது பாதிகூட இல்லையாம். ஆறு சரிந்து, பாறைகளில் மோதி, வெள்ளையாய் நுரைத்து ஓடும் இடங்களை 'ராப்பிட்' என்கிறார்கள். ஒன்று முதல் ஆறு வரை அவற்றுக்குத் தரம் போட்டிருக்கிறார்கள். ஆறாம் தரம் நம்மைப் போன்றவர்களுக்கு அல்ல. ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு! மூன்று குருட்டு எலி, சுவர், கோல்ஃப் மைதானம்... கோல்ஃப் ஆட்டத்தில் குழிகள் இருக்குமே, அதுபோல அங்கே தண்ணீரில் குழிகள். பாறைமேல் ஏறி விழும் தண்ணீர் அடியில் சுருண்டு பின்னோக்கித் திரும்பும். அதில் அகப்பட்டால், துணி துவைக்கும் யந்திரத்தில் போட்ட புடவையின் கதிதான்.

இதையெல்லாம் தூரத்திலிருந்தே படிக்க வேண்டும். நீரோட்டம் கூம்பிக் கூம்பி, கூர்மை கீழ்ப்பக்கம் பார்த்தால் அங்கே வழி இருக்கிறது. கூர்மை நம்மைப் பார்த்து இருந்தால் அடியில் பாறை. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி ஓடும். அங்கே தெப்பத்தை ஒதுக்கி மூச்சு வாங்கலாம். யாராவது தவறி விழுந்தால், மல்லாந்து, காலை முன்னே நீட்டிக்கொண்டு மிதக்க வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது. கல் இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், வெள்ளம் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். புறப்படும் முன் பத்துத் தடவை சொல்லிக் கொடுப்பார்களாம். விழுந்தவர்கள் முதலில் செய்யும் காரியம் எழுந்து நிற்பதுதானாம்!

நமக்கு வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அவளுக்கு அது செப்டம்பரில்தான் பிறக்கிறது. மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதமும் தெப்பம் விடத் தடை. அப்போது மரங்களையே வேரோடு புரட்டிக்கொண்டு ஓடுகிறது ஆறு. மழை ஓய்ந்ததும் வழிகாட்டிகள் விருந்தாளிகள் இல்லாமல் தாங்களே முதலில் இறங்கிப் பார்க்கிறார்கள். போன வருஷம் இருந்த மணல் திட்டு இருக்காது. பாறை இடம் மாறியிருக்கும். பல வருஷம் படித்த பாடத்தை மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து படிப்பது மாதிரி. தசராவும் தீபாவளியும் வரும்போது தண்ணீர் தெளிந்து பச்சை நிறமாகும். கையில் நாலு காசு புரளும். மளிகைக் கடை பாக்கி தீரும்.

மார்கழி, தை மாதங்களைப் பற்றி அவள் சொன்னபோது எனக்கே உடம்பு நடுங்கிற்று. பனி உருகிய தண்ணீர், அதன்மேல் மலைக்காற்று. ஆறு வற்றிக் கல்லெல்லாம் வெளியே தெரியும். தெப்பம் கல்லில் ஏறி உட்கார்ந்துவிட்டால், வழிகாட்டி இறங்கித் தள்ள வேண்டும். கை விரல்கள் வெடித்துப் பாளம் பாளமாகும். ராத்திரி கடுகெண்ணெயைக் காய்ச்சி அவள்தான் தேய்த்துவிடுவாளாம். "தோள்பட்டையும் போய்விட்டது, மாதாஜி. அதைச் சொல்ல மாட்டார். குழந்தையைத் தூக்கும்போது முகம் சுளிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்."

ஹோலிப் பண்டிகையோடு கூட்டம் ஆரம்பிக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் மூச்சு விட நேரமில்லை. ஜூன் கடைசியில் எல்லாம் முடிந்தது.

பிறகு அந்த இரண்டு மாதம்? சிலர் வயலுக்குத் திரும்புகிறார்கள், சிலர் ஜீப் ஓட்டுகிறார்கள். இவள் புருஷன் லடாக்குக்குப் போகிறார். மழை எட்டிப் பார்க்காத அந்தச் சீமையில், இங்கே ஆறு மூடியிருக்கும் அதே மாதங்களில்தான் ஜான்ஸ்கர் நதியில் பனி உருகித் தெப்பம் விடத் தோதாகத் தண்ணீர் ஓடுகிறது. பள்ளத்தாக்கில் டெலிபோனும் எட்டாதாம். "அங்கே இருக்கும் ஆற்றின் சத்தம் எனக்குத் தெரியாதே" என்றாள். ஏதோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கை மட்டும் டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

தப்பிப்போன வருஷங்களும் உண்டு. 2013 ஜூனில் கேதாரநாத்தை அழித்த வெள்ளம் இந்த வழியாகத்தான் இறங்கி வந்தது. 2020 மார்ச்சில் ஊரெல்லாம் அடைத்தபோது, சம்பாதிக்கிற பருவம் அப்படியே போயிற்று. காதில் கிடந்த தோடு அந்த வருஷம்தான் போயிற்றாம்.

ஆனால் அவள் மனத்தில் முள்ளாக இருந்தது வேறு விஷயம். அதற்கு முந்திய வைகாசியில், பெரிய பட்டணத்திலிருந்து எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். 'சுவர்' என்ற ராப்பிட்டில் இறங்கியே தீர வேண்டும் என்று பிடிவாதம். அது நாலாம் தரம். இவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, "இன்றைக்குத் தண்ணீர் அதிகம், அதற்குக் கீழேயிருந்து புறப்படுவோம்" என்றாராம். வந்தவர்கள் கத்தினார்கள். முதலாளிக்குப் போன் பறந்தது. அவர் வேறொரு வழிகாட்டியை அனுப்பினார். அந்த எட்டுப் பேரும் 'சுவர்' வழியாகவே போய், சிரித்துக்கொண்டு கரையேறி, இதே கடையில் டீ குடித்தார்கள். இவருக்கு மூன்று நாள் வேலை கிடையாது.

"ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, மாதாஜி! அப்படியானால் இவர் சொன்னது தப்புத்தானே? நான் நன்றாகச் சண்டை போட்டேன். மூன்று நாள் கூலி சும்மாவா?"

"அவர் என்ன சொன்னார்?"

"'அந்த எட்டுப் பேரில் ஒருவன் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக் கட்ட விடவில்லை. இன்றைக்கும் அந்தத் தண்ணீர் இருந்தால், இன்றைக்கும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்' என்றார். அதற்கு மேல் பேசவில்லை." சிறிது நேரம் கழித்து, "இந்த வருஷம் அந்தக் கணக்கை விட்டுவிட்டேன்" என்றாள். விட்டுவிட்டவள் குரலாக எனக்குப் படவில்லை.

பேச்சை மாற்ற, எவரெஸ்ட் ஏறிய பசேந்திரி பால் தலைமையில் 1994-ல் பதினெட்டுப் பெண்கள் மூன்று தெப்பங்களில் ஹரித்வாரத்திலிருந்து கல்கத்தா வரை போனார்களே, தெரியுமா என்று கேட்டேன். 39 நாளில் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்! அவளுக்குத் தெரிந்திருந்தது, பசேந்திரி இந்த மலை நாட்டுப் பெண்தானே. "என் பெண்ணும் தெப்பம் ஓட்டுவேன் என்கிறாள். ஒன்பது வயது. அப்பா தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்" என்றாள். வேண்டாம் என்று சொல்வாயா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அதற்குள் ஆற்றில் கூச்சல் கேட்டது. என் பேரன் பேத்தி நனைந்த கோழிக் குஞ்சுகள் மாதிரி நடுங்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, ஒரே சமயத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தார்கள். பின்னால் தெப்பத்தை இழுத்துக்கொண்டு அவர் வந்தார். மெலிந்த மனிதர். எனக்குக் கை கூப்பிவிட்டு டீ டம்ளரை வாங்கினார்.

"நாலு விரல்" என்றாள் மனைவி.

"ஐந்து" என்றார்.

சாலையில் அடுத்த கூட்டம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஜீப்பின் பக்கம் போகவில்லை. டம்ளரோடு கரைக்கு இறங்கி, மூழ்கிப்போன பாறை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள்.