இரும்பில்லாத ‘ஃபெர்ரோ’: ஒரு கலைச்சொல் சிக்கல்

தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூல் காந்தப் பொருள்களை டயா, பாரா, ஃபெர்ரோ என வகுக்கிறது. மூன்று அடைகளும் ஒலிபெயர்ப்பே. நாங்குநேரி வட்டத்தில் தமிழ்வழி பயின்று, அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திற்கு இயற்பியல் பயில வரும் மாணவர் ‘ஃபெர்ரோ எலக்ட்ரிக்’, ‘மல்ட்டிஃபெரோயிக்’ என்னும் சொற்களை எதிர்கொள்கையில், ‘ஃபெர்ரோ’ என்றால் இரும்பு என்னும் பழைய அறிவே அவருக்குத் தடையாகிறது.

புறமின்புலம் இன்றியே மின்முனைவு கொண்டிருந்து, புலத்தைத் திருப்பினால் அம்முனைவும் திரும்பும் பண்பை ஜோசப் வாலசெக் 1920இல் ரோஷல் உப்பில் கண்டறிந்தார். அவ்வுப்பு சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட். அதில் இரும்பு இல்லை. பின்னர்ப் புகழ்பெற்ற பேரியம் டைட்டனேட்டிலும் இல்லை. இரும்பின் காந்த நடத்தையோடு கண்ட ஒப்புமையே பெயருக்குக் காரணம். ஆகவே ‘அயமின்’ என ஆக்குவது ஒப்புமையை விட்டு உலோகத்தைப் பற்றிக்கொள்வதாகும். அயச்செந்தூரம் அறிந்த தமிழர்க்கு ‘அயம்’ இரும்பன்றி வேறன்று.

இவ்விரு பண்புகளும் ஒரே பொருளில் அமைவதற்கு ஹான்ஸ் ஷ்மிட் 1994இல் ‘மல்ட்டிஃபெரோயிக்’ எனப் பெயரிட்டார். அத்தகைய பொருள்கள் ஏன் அரியன என்னும் வினாவை நிக்கோலா ஹில் 2000இல் ஆராய்ந்தார். பேரியம் டைட்டனேட்டில் மின்முனைவுக்குத் துணைசெய்வது டைட்டேனியத்தின் வெற்று டி ஆர்பிட்டால். காந்தத்திற்கோ அது பகுதி நிரம்பியிருத்தல் வேண்டும். பிஸ்மத் ஃபெரைட் என்னும் பீங்கான் இம்முரணைக் கடக்கிறது: காந்த ஒழுங்கை இரும்பும், மின்முனைவைப் பிஸ்மத்தின் தனித்த எலக்ட்ரான் இணையும் தருகின்றன. அறை வெப்பநிலையில் இரண்டும் நிலைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராமமூர்த்தி ரமேஷின் குழு 2003இல் இதன் மென்படலங்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இத்துறைக்குப் புத்துயிர் அளித்தது. இங்கே ‘அயமின்’ இன்னும் பிழைபடுகிறது. இரும்பு இருக்கிறது, ஆனால் மின்முனைவு அதனால் வருவதன்று.

பாடநூலிலேயே நல்ல சொல் ஒன்று கிடக்கிறது. புலம் நீங்கியும் காந்தம் உடனே நீங்காத நிலையைக் ‘காந்தத் தயக்கம்’ என்கிறோம். நடத்தையைக் கண்டு பெயரிட்ட ஆக்கம் இது. ஃபெர்ரோ வகைகளைப் பிணைப்பதும் இத்தயக்கமே. டூர்மலினுக்கும் தன்முனைவு உண்டு. அதைப் புலத்தால் திருப்ப இயலாது, தயக்கக் கண்ணியும் இல்லை. எனவே ‘தன்முனைவு’ என்பது மட்டும் போதாது. தயக்கக்காந்தம், தயக்கமின்பொருள், பல்தயக்கப்பொருள் என ஒரு குடும்பமாக ஆக்கலாம்.

புணர்ச்சி விதிப்படி ‘பஃறயக்கம்’ அன்றோ எனப் புலவர் வினவக்கூடும். பல்துறையைப் பஃறுறை என இன்று எழுதுவார் இலர். நாங்குநேரியை ‘நான்கு ஏரி’ என விளக்குவாருண்டு. ஏரிகளை எண்ணிப் பார்த்தா அவ்வூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள்?

வலுவான மறுப்பு வேறிடத்தில் உள்ளது. பிஸ்மத் ஃபெரைட்டின் காந்த ஒழுங்கு எதிரெதிர்த் திசையில் அமைந்தது. பருப்பொருளாக அது காந்தத் தயக்கம் காட்டுவது மிகக் குறைவு. ஷ்மிட்டின் கண்டிப்பான வரையறையிலும் அது அடங்காது. ஆங்கில வழக்கு வரையறையைத் தளர்த்தியே அதை உள்ளே சேர்த்துக்கொண்டது. தமிழ்ச் சொல்லும் அதே தளர்ச்சியை ஏற்பதா, எதிர்க்காந்த மின்பொருளுக்குத் தனிப்பெயர் வைப்பதா என்பதைத் தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒரே மேசையில் அமர்ந்துதான் முடிவுசெய்ய முடியும்.