தெருநாய்க்கும் விலையா?

பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையொன்றில் அண்மையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்குத் தொடுத்தவர் என் நண்பர், தமிழாசிரியர். மகளுக்காக நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுக்கக் காப்பகம் ஒன்றிற்குச் சென்றிருக்கிறார். கட்டணமாகச் சில நூறு வெள்ளி கேட்டார்களாம். "தெருவில் கிடந்ததைத் தூக்கி வந்து நமக்கே விற்கிறார்கள். இது தருமமா, வியாபாரமா?" என்று மேசையைத் தட்டினார். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். என்னால் அசைக்க இயலவில்லை.

வியாபாரமென்றால் இலாபம் வேண்டும். இங்கே அது எங்கிருக்கிறது? தெருவிலிருந்து வரும் குட்டிக்கு உண்ணி நீக்கி, குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரப் பருவத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் தடுப்பூசி பலமுறை போட வேண்டும். தவறினால் பார்வோ நச்சுயிரி இரத்தக் கழிச்சலாக வந்து உயிரைக் கொண்டுபோய்விடும். அதன்பின் கருத்தடை அறுவை. இத்தனையையும் தனியார் மருத்துவ நிலையத்தில் நாமே செய்வித்துப் பார்த்தால் காப்பகத்தார் கேட்டது குறைவென்று புரியும். அம்பாங்கில் இயங்கும் சிலாங்கூர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் போன்றவை பொதுமக்களின் நன்கொடையால் நடப்பவை. அங்கே நொண்டியும் கிழடுமாய், யாரும் விரும்பி எடுத்துச் செல்லாத பிராணிகளும் உண்கின்றன என்பதை நண்பர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கருத்தடை எதற்கு என்பாரும் உளர். அவர்கள் கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள கேத்தாம் தீவை நினைத்துப் பார்க்கட்டும். 2009ஆம் ஆண்டில், பெருகிவிட்ட நாய்களைப் பொறுக்க மாட்டாத அத்தீவினர், முந்நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பிடித்து ஆளில்லாச் சதுப்புநிலத் தீவுகளில் விட்டுவந்தனர். நீரும் உணவுமின்றி அவை ஒன்றையொன்று தின்றன என்று அன்றைய ஏடுகள் எழுதின. ஆர்வலர்கள் படகேறிச் சென்று சிலவற்றை மட்டுமே மீட்க முடிந்தது. நாயின் சூல்காலம் ஏறத்தாழ அறுபத்து மூன்றே நாள். ஓரீற்றில் பல குட்டிகள். கருத்தடைக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, பின்னர் படகுக்குச் செலவழிப்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

இலவசமாகக் கொடுத்தால் என்ன என்கிறார்கள். கொடுக்கலாம், கை நீட்டுபவர் யார் என்பதே கேள்வி. குட்டி அழகாயிருக்கும் வரை மடியில் வைத்திருந்து, வளர்ந்ததும் சந்தைப் பக்கம் இறக்கிவிடுபவரும் அவருள் உண்டு. பட்டறைக் காவலுக்கென்று கட்டி, சங்கிலியை அவிழ்க்கவே அவிழ்க்காதவரும் உண்டு. கட்டணம் இவர்கள் எல்லாரையும் தடுத்துவிடாது. ஆனால் பணப்பையைத் திறக்குமுன் ஒரு நாள் யோசிக்க வைக்கும். நாம் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோது, லயத்து வாசலில் கிடந்த நாய்களை என்ன செய்தோம்? பழைய கதைதான், எனினும் நம் கதை.

வகுப்பில் நாம் பாரியைப் பாடமாக நடத்துகிறோம். முல்லைக் கொடிக்கு அவன் ஈந்தது இரண்டு இன்சொல் அன்று, தேர். அதைப் பெருமிதத்தோடு விளக்கும் அதே ஆசிரியர்தாம் ஓர் உயிரின் மருத்துவச் செலவில் பங்கு கேட்டால் வணிகம் என்கிறார். அயல்நாட்டு இனக் குட்டிக்குக் கடையில் ஆயிரக்கணக்கில் கேட்டால் பேரம் பேசாமல் கொடுப்பவர்களும் நம்மவர்களே. அங்கே அது கௌரவம்!

ஒன்றை ஒப்புகிறேன். காப்பகத்தின் பெயரால் வசூலித்துக் கணக்குக் காட்டாதவர் இருக்கலாம். இரசீதும் தடுப்பூசி அட்டையும் கேளுங்கள். கருத்தடைச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். குட்டி மிகச் சிறிதாயிருந்தால், அறுவைக்கு நாள் குறித்துத் தரச் சொல்லுங்கள். தம் சோற்றைப் பகிர்ந்து தெருநாய்களுக்கு இடும் ஏழை மூதாட்டி ஒரு நாயை வீட்டுக்குக் கேட்டால், கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதே முறை. என் நண்பர் அந்த மூதாட்டி அல்லர். அவர் மகள் இன்றும் குட்டி கேட்கிறாள்; அவரோ இன்னும் அந்தத் தேநீர்க் கடையில் வழக்காடிக்கொண்டிருக்கிறார்.