பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரியட்டும்



சென்ற மாதம் பிறப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்துவது பற்றி எழுதியிருந்தேன். அதே உறையில் வைக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அது பிள்ளையின் தெளிவான படம்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனை வைத்தியசாலையில் ஒரு கைக்குழந்தை '81ஆம் இலக்கக் குழந்தை' என்றே அழைக்கப்பட்டது. பெற்றோர் யாரென்று மரபணுப் பரிசோதனை மூலம் உறுதியாக 2005 பெப்ரவரி ஆகிவிட்டது. 2006இன் கடைசி மாதங்களில் வாகரைப் பக்கத்துச் சனங்கள் காட்டு வழியாலும் வாவி வழியாலும் வெளியேறியபோது, பிள்ளையைத் தூக்கிய கைக்கு அல்பம் தூக்க இடமிருக்கவில்லை. காணாமல் போனவர்களுக்காகத் தாய்மார் ஏந்தி நிற்கும் படங்களில் எத்தனையோ, கலியாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தவை. அவற்றில் கண் எது, மூக்கு எது என்று பிரித்தறிய முடிவதில்லை.

பனிச்சங்கேணியில் தாய்மார் சிலரிடம் அவரவர் கைத்தொலைபேசியில் இருக்கும் பிள்ளையின் படங்களைக் காட்டச் சொன்னேன். படத்துக்குக் குறைவில்லை. ஆனால் முகம் துலங்கிய படங்கள் கொஞ்சம்தான். "அக்கா, இவன் ஒரு இடத்தில நிக்கிறானில்ல, நான் என்ன செய்ய?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. படம் கலங்குவதற்குக் காரணங்கள் நான்குதான்.

முதலாவது, அழுக்கு. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊரில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. மீன் கழுவிய கை, எண்ணெய்க் கை எல்லாம் போனின் வில்லையில் படுகிறது. முதலில் ஊதி மணலைப் போக்குங்கள். பிறகு சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

இரண்டாவது, இருட்டு. தகரக் கூரை வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் கமரா அதைச் சேர்த்துக்கொள்ள அதிக நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் பிள்ளை தலையைத் திருப்பினால் முகம் இழுபட்டுப் போகும். ஆகவே பிள்ளையை வாசலுக்கோ யன்னலுக்கோ முகம் காட்டி இருத்தி, நீங்கள் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள். உங்கள் நிழல் பிள்ளையின் மேல் விழாமல் சற்று விலகிக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் பிள்ளை கண்ணைச் சுருக்கும். காலையும் பின்னேரமும் மரநிழலும் நல்லவை.

மூன்றாவது, அசைவு. இரண்டு கையாலும் போனைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி அழுத்துங்கள். அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு செக்கனில் 125இல் ஒரு பங்கு வேகம் போதும். ஓடும் பிள்ளைக்கு 500இல் ஒரு பங்காவது வேண்டும். வேகத்தை மாற்ற முடியாத போன் என்றால் நல்ல வெளிச்சத்தில் எடுப்பதே வழி. ஒன்றோடு நிற்காமல் அடுத்தடுத்துப் பத்துப் படம் எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

நான்காவது, குவியம். பிள்ளையை எடுக்கும்போது பின்னாலிருக்கும் வேலி துலங்கி முகம் மங்கினால், கமரா வேலியைப் பார்த்திருக்கிறது என்று பொருள். திரையில் பிள்ளையின் கண்ணைத் தொட்டுவிட்டு எடுங்கள். நீங்களும் குந்தி, பிள்ளையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். விரலால் திரையை விரித்துப் பெருப்பிப்பதை விட இரண்டு எட்டு முன்னால் போவதே நல்லது.

முன்பள்ளியிலோ சங்கத்திலோ வில்லை மாற்றக்கூடிய கமரா இருந்தால் ஒரு சொல். அதனோடு வரும் சாதாரண வில்லையைக் கிட்ட இழுத்து எடுக்கும்போது அதன் வாய் 5.6 அளவில்தான் திறக்கும். 50 மில்லிமீற்றர், 1.8 என்று எழுதிய சிறு வில்லை அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வில்லைகளில் விலை குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் முழுதாகத் திறந்து கிட்டே நின்று எடுத்தால் கண் துலங்கும், காது மங்கும். அடையாளத்துக்கான படமென்றால் 4 அல்லது 5.6இல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.

எடுத்த படம் போனுக்குள் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும். வருடத்துக்கு ஒரு முறையாவது ஸ்டூடியோவில் கொடுத்து இரண்டு பிரதி எடுங்கள். நேரே பார்த்த முகம் ஒன்று, தழும்பு மச்சம் தெரியும்படி ஒன்று. பின்பக்கத்தில் பெயர், திகதி, வயது எழுதுங்கள். ஒன்றைப் பொலித்தீன் உறையில் சான்றிதழோடு வையுங்கள். மற்றதைக் கடலுக்குத் தூரத்தில் இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். வெளியூரில் இருக்கும் சகோதரியின் போனுக்கும் அனுப்பிவையுங்கள். ஆனால் பெயரும் ஊரும் போட்டு எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட வேண்டாம்.

இன்னொன்று. உதவி கொண்டுவந்த பலர் எங்கள் பிள்ளைகளைப் படம் பிடித்துப் போனார்கள். அந்தப் படங்கள் அறிக்கைகளில் இருக்கின்றன, பிள்ளையின் வீட்டில் இல்லை. இனி யாராவது கமராவோடு வந்தால், எதற்கு என்று கேளுங்கள். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விருப்பமென்றால் எங்களுக்கும் ஒரு பிரதி தாருங்கள் என்று கேளுங்கள். அது பிச்சை இல்லை, உங்கள் பிள்ளையின் முகம்.

இந்த ஞாயிறு காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை சீவியதும் வாசலில் இருத்தி ஒரு படம் எடுங்கள். அப்படியே பிள்ளையை மடியில் வைத்து, உங்களையும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ந்தபின் அம்மாவின் முகத்தையும் தேடும்.