முதல் படி வீட்டுக்கு

போன சித்திரையில் மல்லாட்டை அறுவடை முடிந்த கையோடு பேத்தி விடுமுறைக்கு வந்தாள். (மற்ற மாவட்டத்து நண்பர்களுக்கு: எங்கள் திண்டிவனம் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம்.) அவள் பையில் நாலைந்து 'எனர்ஜி பார்' பாக்கெட் இருந்தது. அடுப்பில் சுடாதது, உடம்புக்கு நல்லது என்று மேலே அச்சடித்திருந்தான். 40 கிராம், விலை 50 ரூபாய். வங்கியில் முப்பத்து மூன்று வருஷம் குட்டி எழுத்தைப் படித்தே பழகிய கண் என்பதால் பின்பக்கத்தைத் திருப்பினேன். நிலக்கடலை 30 சதவீதம். மீதியில் பெரும்பகுதி குளுக்கோஸ் பாகு, சர்க்கரை, ஓட்ஸ்.

"இதை ஏம்மா காசு கொடுத்து வாங்கணும்? நம்ம வீட்டுலயே செய்யலாமே" என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் கடலை கேட்டேன். அவள் ஒரு முறத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சுருங்கினது, உடைந்தது, கருத்தது, ஒன்றிரண்டில் பச்சைப் பூசணம்.

"என்ன இது?"

"நல்லதையெல்லாம் சென்னைக்கு மூட்டை கட்டி அனுப்பிட்டீங்களே. வீட்டுக்கு மிஞ்சுனது இதுதாங்க. வருஷா வருஷம் இதுதான்."

எனக்குப் பதில் வரவில்லை. பத்து வருஷமாக மேடையில் நஞ்சில்லா உணவு என்று பேசுகிறேன். என் வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தை முதல் தரக் கடலை தின்கிறது. என் வீட்டில் கழிசல். இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நெல்லானாலும் பயறானாலும் தரமானதை விற்றுவிட்டு, பொறுக்கித் தள்ளியதை வீட்டுக்கு வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அதற்குச் சிக்கனம் என்றும் பெயர் வைத்திருக்கிறோம்.

கடலையில் இந்தச் சிக்கனம் ஆபத்தானது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் பிடித்த பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. கல்லீரலைக் கெடுக்கும், நாள்பட்டால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். வறுத்தால் பூசணம் சாகும், நச்சு முழுதாகப் போகாது. அந்தப் பருப்பைச் செக்கில் ஆட்டினால் எண்ணெயில் வரும். பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் பாலிலும் வரும். நாம் ரசாயனம் தெளிக்கவில்லை என்பதற்காகப் பூசணம் நம் கொல்லைக்கு வராமல் இருக்காது. காய் முற்றும் நேரத்தில் வறட்சி, பிடுங்கும்போது வெட்டுப்பட்ட காய், ஈரத்தோடு குவித்த செடி, சரியாகக் காயாமல் கட்டிய மூட்டை, இவைதான் அதற்கு வழி. செடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போட்டு உலர்த்தி, காயில் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே சாக்கில் கட்ட வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். இது விற்கிற மூட்டைக்கு மட்டுமான விதி இல்லை.

அன்றைக்கு மூட்டையிலிருந்து நல்ல கடலையை எடுத்து, மனைவியும் நானும் செய்ததைச் சொல்கிறேன். பாகு காய்ச்சத் தெரியாத என்னைப் போன்ற ஆளும் செய்யலாம்.

கடலைப் பருப்பு 250 கிராம், கருப்பு எள் 100, பொட்டுக்கடலை 100, பொடித்த வெல்லம் 200. கடலையை இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, தோலைத் தேய்த்துப் புடைக்க வேண்டும். எள்ளை மண் போகக் களைந்து, காயவைத்து, படபடவென்று பொரியும் வரை வறுக்க வேண்டும். பொட்டுக்கடலையை மாவாக்கி, கடலையையும் எள்ளையும் தனித்தனியே கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். சூட்டோடு அரைத்தால் கூழாகிவிடும். கடைசியில் வெல்லமும் கொஞ்சம் ஏலக்காயும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றினால் எண்ணெய் கசிந்து, பிடித்தால் பிடி நிற்கும். நிற்காவிட்டால் இரண்டு ஸ்பூன் செக்கு நல்லெண்ணெய் விடுங்கள். தண்ணீர் மட்டும் கூடாது, கெட்டுப்போகும். நெய் தடவிய தட்டில் கொட்டி டம்ளர் அடியால் அழுத்தி, அரை மணி நேரம் கழித்து வில்லை போடலாம். உருண்டையாகவும் பிடிக்கலாம். ஈரமில்லாத டப்பாவில் பதினைந்து நாள் தாங்குகிறது. எங்கள் வீட்டில் அத்தனை நாள் இருந்ததில்லை.

25 கிராம் வில்லை 25 வந்தது. ஒன்றில் ஏறக்குறைய 4 கிராம் புரதம். எள்ளைத் தோலோடு சேர்ப்பதால் கால்சியமும் உண்டு. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வில்லையில் 8 கிராம் வெல்லம் இருக்கிறது. ஹைட்ரோஸ் போடாத கருத்த வெல்லமாகவே இருந்தாலும் ரத்தத்தில் அது சர்க்கரைதான். எனக்கும் சர்க்கரை உண்டு, நான் பாதி வில்லையோடு நிறுத்திக்கொள்கிறேன். பாக்கெட்காரன் சொல்லும் மிகைப்பேச்சை நாமும் சொல்லக் கூடாது.

இனி கணக்குக்கு வருவோம். 2025-26க்கு ஒன்றிய அரசு அறிவித்த ஆதரவு விலை நிலக்கடலைக் காய்க்குக் குவிண்டால் 7,263 ரூபாய், எள்ளுக்கு 9,846. நூறு கிலோ காயில் எழுபது கிலோ பருப்பு என்றால் பருப்பு கிலோ 104 ரூபாய் ஆகிறது. அந்த 50 ரூபாய்ப் பாக்கெட்டில் இருந்த கடலை 12 கிராம். அதை விளைவித்தவனுக்குப் போனது, ஆதரவு விலை முழுதாகக் கிடைத்திருந்தால்கூட, ஒன்றேகால் ரூபாய். நாங்கள் செய்த 25 வில்லைக்கும் எரிவாயு சேர்த்துப் பொருள் செலவு 75 ரூபாய். ஒன்று 3 ரூபாய்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் நண்பர் ஒருவர், "அப்போ இதையே பிராண்ட் போட்டு விக்கலாமே சார்" என்றார். நம் கூட்டங்களில் மதிப்புக்கூட்டல் என்ற சொல் வந்தாலே எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. தப்பில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது நம் கண் முன்னால் இருக்கிறது. ஆனால் கடன் கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். என் மேசைக்கு வந்த சிறுதொழில் திட்ட அறிக்கைகளில் பலவற்றில் வீட்டுப் பெண்களின் உழைப்புக்குக் கூலி பூஜ்யம் என்றே இருந்தது. காகிதத்தில் லாபம் தெரியும். இரண்டாம் வருஷம் அந்த அம்மாவுக்கு முதுகு விட்டுப்போகும், தொழில் நின்றுபோகும், கடன் மட்டும் நிற்கும். எங்கள் 25 வில்லைக்குப் பொறுக்க, வறுக்க, புடைக்க ஒரு மணி நேரம் ஆனது. எங்கள் ஊர்க் களைக்கூலியில் பார்த்தாலே 50 ரூபாய். ஆக ஒரு வில்லை 5 ரூபாய். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, பொட்டலம், கடைக்காரர் கழிவு, உடைசல் எல்லாம் இதற்கு மேலே ஏறும். இதையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

விற்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்குக் கடனும் வேண்டாம், பதிவும் வேண்டாம். களத்தில் மூட்டை கட்டும் முன்னால் நல்ல பருப்புக்கான காயில் வீட்டுப் பங்கை முதலில் அளந்து எடுத்து வையுங்கள். நாலு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ பருப்பு என்றால் வருஷத்துக்கு 24 கிலோ, காயாக 35 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை விற்றால் ஆதரவு விலையில் சுமார் 2,500 ரூபாய் வரும். அந்த 2,500 ரூபாய்க்காகத்தான் நான் பத்து வருஷம் என் வீட்டாருக்குக் கழிசலைக் கொடுத்திருக்கிறேன்.

பூசணம் பட்டதை மனிதருக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். எரித்துவிடுங்கள்.

இந்த மார்கழிப் பட்டத்துக்கு விதைப் பருப்பு உடைக்க உட்காரும்போதே வீட்டுப் பங்கு எவ்வளவு என்று மனைவியிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். 40 கிலோ என்றாள். பேத்திக்கு அனுப்ப 5 கிலோ கூடுதலாம். பொறுக்கும் வேலை என்னுடையது என்று ஒப்பந்தம்.