ஒரே கம்பெனி, மூன்று ஊர்: ஃபோர்டும் மனிதவள மேலாண்மையும்

காலை ஆறரை மணிக்குத் தாம்பரத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் போதும், தென்சென்னைப் புறநகரின் வேலைவாய்ப்பு முழுவதும் கண்ணெதிரே ஓடும். ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே மறைமலை நகர், மகிந்திரா சிட்டி பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் ஒரு பக்கம். மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போகும் வேன்கள் இன்னொரு பக்கம். முதல் பஸ்ஸில் இருப்பவர்கள் சீருடையில் இருப்பார்கள். இரண்டாவதில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்.

மனிதவள மேலாண்மைப் பாடத்தில் "வேலையின் எதிர்காலம்" என்று ஓர் அத்தியாயம் வந்தாலே ஒரே பல்லவிதான். வேலைகள் மாறும், புதிய திறமைகளைக் கற்றுக்கொள்பவர் பிழைப்பார், கற்காதவர் பின்தங்குவார்! கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பரீட்சையில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் தாம்பரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே நடந்ததை இந்தப் பல்லவியோடு பொருத்திப் பார்த்தால் எங்கோ இடிக்கிறது.

1990-களின் பிற்பகுதியில் மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை வந்தது. ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் என்று பல கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக நிறுவனம் அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னது. மறைமலை நகரில் மட்டும் நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 2,600 பேர். இழப்பீடு போதாது என்று 2022 மே மாத இறுதியில் அவர்கள் வேலையை நிறுத்திப் போராடினார்கள். பிறகு பேச்சுவார்த்தை, மீண்டும் உற்பத்தி. அந்த ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. அத்தோடு முடிந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆட்குறைப்புக்குச் சட்டம் சொல்லும் இழப்பீடு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். ஃபோர்டு அதைப் போலப் பல மடங்கு கொடுத்தது. மற்ற பல ஆலை மூடல்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் கொடுத்தது பணம். வேலை அல்ல.

இதே கம்பெனிக்கு குஜராத்தில் சானந்த் என்ற ஊரில் இன்னொரு தொழிற்சாலை இருந்தது. அங்கேயும் கார் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த ஆலையை வாங்க டாடா மோட்டார்ஸின் துணை நிறுவனம் முன்வந்தது. 2022 ஆகஸ்டில் 725.7 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. நிலம், கட்டடம், இயந்திரங்களோடு சேர்த்து, கார் தயாரிப்பில் இருந்த தகுதியுள்ள ஊழியர்கள் அனைவருக்கும் டாடாவில் வேலை என்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. மறைமலை நகருக்கு அப்படி ஒருவர் அமையவில்லை.

இப்போது சொல்லுங்கள், சானந்தில் கார் பூட்டியவருக்கும் மறைமலை நகரில் கார் பூட்டியவருக்கும் திறமையில் என்ன வித்தியாசம்? ஒரே கம்பெனி, ஒரே வகை வேலை, ஒரே பயிற்சி முறை. ஒருவருக்கு வேலை தொடர்ந்தது, இன்னொருவர் வீட்டுக்குப் போனார். அதைத் தீர்மானித்தது ஒப்பந்தப் பத்திரத்தில் இருந்த ஒரு வரி. ஆனால் எந்த எச்.ஆர். கருத்தரங்கில் போய் உட்கார்ந்தாலும், தொழிலாளியிடம் என்ன குறை என்றுதான் பேச்சு போகும். பத்திரத்தில் என்ன குறை என்று கேட்பவர் அபூர்வம்.

மூன்றாவது ஊர் சோழிங்கநல்லூர். தொழிற்சாலையை மூடுவதாகச் சொன்ன அதே அறிவிப்பில், இந்தியாவில் உள்ள தன் அலுவலகப் பிரிவை விரிவுபடுத்துவதாகவும் ஃபோர்டு சொன்னது. அதில் அப்போதே 11,000-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள், அதன் பெரிய வளாகம் சோழிங்கநல்லூரில்தான். 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மட்டும் 12,000 பேர் என்றும், மூன்று ஆண்டுகளில் இன்னும் 2,500 முதல் 3,000 பேர் வரை சேர்ப்போம் என்றும் நிறுவனம் தெரிவித்தது. ஆக, வேலை எங்கும் போய்விடவில்லை. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஓ.எம்.ஆருக்கு இடம் மாறிவிட்டது. ஆட்கள்தான் கூடப் போக முடியவில்லை.

வெல்டிங் செய்தவரை எப்படி கணினி முன் உட்கார வைப்பது என்று கேட்கலாம். சரியான கேள்விதான். எல்லோரையும் முடியாது. ஆனால் நாற்பது வயதுக்காரர் புதிய தொழில் கற்க ஒன்றரை வருடம் ஆகும் என்றால், அந்த ஒன்றரை வருடம் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் யார் கட்டுவது? "திறமையை வளர்த்துக்கொள்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் போடுவதே இல்லை.

சட்டம் ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், மறுதிறன் பயிற்சி நிதி என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொருவருக்காகவும் நிறுவனம் அதில் செலுத்த வேண்டியது 15 நாள் சம்பளம். பதினைந்தே நாள்! அதை வைத்து என்ன கோர்ஸ் படிப்பது? அதே தொகுப்பில், ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவை என்ற வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. பெரிய ஆலைக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு இருந்த கொஞ்சம் பாதுகாப்பும் இதனால் குறையும்.

ஓ.எம்.ஆர். வேனில் போகிறவர்கள் இதெல்லாம் சீருடைக்காரர்கள் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் உலகளவில் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12,000-க்கு மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருந்தவர்கள். அங்கேயும் சொல்லப்பட்ட காரணம் திறமைப் பொருத்தமின்மைதான்.

இதற்கிடையே மறைமலை நகர் ஆலைக்கு மீண்டும் உயிர் வருகிறது. 2025 அக்டோபர் 31 அன்று தமிழ்நாடு அரசுடன் ஃபோர்டு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள், 600-க்கு மேற்பட்ட வேலைகள், 2029-ல் உற்பத்தி. நல்ல செய்தி. ஆனால் ஆட்குறைப்பு செய்யப்பட்டவர்களுக்கு மறுவேலையில் முன்னுரிமை என்று புதிய தொகுப்பு சொல்வது ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால் மட்டுமே. இங்கே இடைவெளி ஏழு ஆண்டு. 2022-ல் 38 வயதில் வெளியே வந்தவருக்கு அப்போது 45 வயது ஆகியிருக்கும். சட்டம் அவரை மறந்தாலும், ஆள் எடுக்கும் விதியில் அரசு அவரைச் சேர்க்கலாம். பழைய தொழிலாளர்களுக்கு முதல் வாய்ப்பு, பயிற்சிக் காலத்தில் சம்பளம், வயது வரம்பில் தளர்வு. சானந்தில் ஒரு வரி எழுத முடிந்தது என்றால் இங்கே மூன்று வரி எழுத முடியாதா என்ன?